நந்தன் தீக்குளித்தான், கிந்தன் ரயிலேறினான்



ஒரு நகைச்சுவை நடிகரைப் பற்றி ஆய்வு மேடையில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நாம் சிரிக்கும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர். வறுமை அவரைப் பள்ளியில் நிலைக்க விடவில்லை. வில்லுப்பாட்டு, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு, பிறகு 1930களின் நடுவில் சினிமா. டி.ஏ.மதுரத்தோடு இணைந்து, தங்கள் நகைச்சுவைப் பகுதியைத் தாங்களே உருவாக்கிக்கொள்ளும் இடத்துக்கு உயர்ந்தார். 1944 இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரோடு கைதானார். 1947இல்தான் விடுதலை. பாகவதரின் திரைவாழ்வு அதன்பிறகு எழவே இல்லை. கலைவாணர் எழுந்தார். 1949இல் அண்ணாவின் கதை வசனத்தில் 'நல்லதம்பி' வந்தது. அதில்தான் 'கிந்தனார்' காலட்சேபம். எழுதியவர் உடுமலை நாராயணகவி.

நந்தனார் கதை உங்களுக்குத் தெரியும். சிதம்பரம் கோயிலுக்குள் நுழைய ஒரு பண்ணையாள் தீயில் இறங்க வேண்டும். 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்தார்கள். மக்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் அவனை ஏன் தீயில் இறக்கினீர்கள் என்று அந்தக் கண்ணீர் கேட்கவில்லை.

கிந்தன் கோயிலுக்குப் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போனான். அங்கே அடிபட்டான். ரயிலேறிப் பட்டணம் போனான், படித்தான், பள்ளிகளைச் சோதிக்கும் அதிகாரியாகத் திரும்பி வந்தான். புராணம் சொல்லிப் பழகிய அதே காலட்சேப வடிவத்தில், அதே பக்தி பாவனையோடு, கலைவாணர் இதைச் சொன்னார். சிரிப்பு கிந்தன்மீது விழவில்லை, அவனை அடித்த அமைப்பின்மீது விழுந்தது. அவருடைய கலையின் அரசியல் இதுதான் என்கிறேன்.

இதற்கு எல்லையும் உண்டு. கிந்தன் தப்பிக்க ஊரை விட்டே போக வேண்டியிருந்தது. சேரி சேரியாகவே இருந்தது. கிந்தனின் கதையையும் அவன் சொல்லவில்லை, அவனுக்காக வேறொருவர் சொன்னார். இதைச் சொல்வதால் கலைவாணர் சிறியவராகிவிட மாட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? சாதிக் கொடுமையைப் பள்ளியில் சொன்ன ஒரு தலித் மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். கிந்தன் பாடப்பட்டு எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அவனுக்குப் பள்ளிக்கூடம் ஆபத்தான இடமாகவே இருக்கிறது.

இந்த எழுபத்து சொச்சம் ஆண்டுகளில் நம் நகைச்சுவை எங்கே போனது? கறுத்த தோல், தடித்த உடல், குப்பை அள்ளுகிறவர், சலவை செய்கிறவர் என அடிபடுகிறவர்களையே அது தேடித் தேடிக் கேலி செய்தது. வகுப்பறையில் ஒரு பிள்ளைமீது எறியப்படும் பட்டப்பெயர்கள் பல அங்கிருந்து வந்தவையே.

அடுத்த முறை ஒரு காட்சிக்கு அரங்கமே சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பு யார்மீது விழுகிறது என்று பாருங்கள். கிந்தன்மீது விழுந்தால், நீங்கள் சிரிக்காதீர்கள்.