அனுப்புமுன் ஒருதரம் படி

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாலம் கடந்து வந்திருக்கிறேன். நான் அறிஞன் அல்லன். சிராங்கூன் சாலையிலே ஒரு மொத்த வியாபாரக் கடையில் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவன். "செய்தி அனுப்பும் கருவிகள் நம் வேலையை எப்படி மாற்றின என்று பேசுங்கள்" என்றார்கள். படித்ததைவிடப் பட்டதைச் சொல்கிறேன்.

கடலடியில் கம்பி போட்டுச் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் தந்தியால் இணைத்தது 1871ஆம் ஆண்டு. அதற்கு முன் கப்பல் வந்தால்தான் சேதி. சரியாக நூறாண்டு கழித்து, 1971இல், செந்தோசாத் தீவிலே செயற்கைக்கோள் தரைநிலையம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் நான் கடையில் சேர்ந்தேன். வானத்திலே செயற்கைக்கோள் இருந்தாலும், எங்கள் கடைக்குத் தந்திதான்!

தந்தியிலே ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. முகவரிக்கும் காசு. அதனாலே பெரிய கடைகள் ஒரே சொல்லிலே தந்தி முகவரி பதிவுசெய்து வைத்திருக்கும். சொல்லைக் குறைப்பவனே கெட்டிக்காரக் கணக்கப்பிள்ளை.

ஒருநாள் முதலாளி, "அம்பது மூட்டை வெங்காயம் சென்னையிலேருந்து அடுத்த கப்பல்லே அனுப்பச் சொல்லு" என்றார். நான் கெட்டிக்காரன் அல்லவா? "அடுத்த கப்பல்" என்பதை வெட்டிவிட்டேன். வந்து நின்ற கப்பலிலேயே சரக்கு ஏறிவிட்டது. கிடங்கிலே பழைய மூட்டை நிறைந்து கிடந்தது, மழைக்காலம் வேறு. பாதி அழுகிப்போயிற்று. அழுகியதை என் கையாலேயே பொறுக்கிக் கொட்டினேன்.

முதலாளி வேலையைவிட்டு நிறுத்தவில்லை. "ஏண்டா தம்பி, ரெண்டு வெள்ளி மிச்சம் புடிச்சே, பாதிச் சரக்கைத் தொலைச்சிட்டே. அனுப்புறதுக்கு முன்னாலே வாய்விட்டு ஒருதரம் படி. அங்கே இருக்கிறவன் காதிலே எப்படி விழும்னு நெனச்சுப் பாரு" என்றார். அவ்வளவுதான்.

இன்னொன்றும் மறக்க முடியாது. கிடங்கிலே மூட்டை தூக்கிய பெரியவர் ஒருவருக்கு ஊரிலிருந்து தந்தி வந்தது. ஆங்கிலத்திலே இருந்தது. கை நடுங்க என்னிடம் நீட்டி, "தம்பி, நல்ல சேதிதானே?" என்றார். அவர் தாயார் இறந்த செய்தியைப் பத்தொன்பது வயதுப் பையன் நான் சொல்ல வேண்டியதாயிற்று. பெற்ற தாயைப் பற்றிய சேதிகூட, தெரியாத மொழியிலே, அடுத்தவன் வாய்வழியாக வந்தது.

பிறகு டெலெக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் வந்தது, இடுப்பிலே பேஜர் வந்தது. ஃபேக்ஸிலே தமிழ்க் கையெழுத்தே கடல் கடந்தது! கணினியிலோ தமிழுக்கு நாமே பாதை வெட்ட வேண்டியிருந்தது. சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி அதற்காக உழைத்தார். 1995இல் இணையத்திலே தமிழ் எழுத்து ஏறியதில் அவர் பங்கு பெரிது. அவர் தம் எழுத்துருவுக்குச் சூட்டிய பெயர் 'கணியன்'. இந்தியாவிலே தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுபோயிற்று.

இன்று தேக்காவிலே கடை வைத்திருப்பவர், சென்னை வியாபாரியிடம் மூட்டையைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். உங்கள் பிள்ளையின் பள்ளி அறிவிப்பும் கைப்பேசியிலே தமிழில் வருகிறது. இது பெரிய வரம். ஆனால் சுமையும் உண்டு. அன்று கடைக்கதவைச் சாத்தினால் வேலை முடிந்தது. இன்று இரவுச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலே வேலை வந்து உட்கார்ந்துகொள்கிறது!

இன்னொரு ஆபத்து: இப்போது சொல்லுக்குக் காசில்லை. காசில்லாததாலே யோசனையும் இல்லை. அன்று என் பிழை சென்னைக்குப் போய்ச் சேரவே நேரம் பிடித்தது. இன்று கண் இமைப்பதற்குள் நூறு பேருக்குப் போய்விடுகிறது. கடிதத்தைக்கூடக் கணினியே எழுதித் தருகிறது. எழுதுவது எதுவாயினும், கீழே போடும் பெயர் நம்முடையது.

மாணவச் செல்வங்களே! இன்று கட்டுரைக்குப் பரிசு வாங்கப்போகும் பிள்ளைகளே! நீங்கள் வேலைக்குப் போகும் நாளில் எந்தக் கருவி இருக்குமோ, எனக்குத் தெரியாது. எது இருந்தாலும் அனுப்புமுன் ஒருதரம் வாய்விட்டுப் படியுங்கள். பெற்றோர்களே, நமக்குப் படிக்கத் தடுமாறினாலும் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வீட்டுச் சேதியை இனி வேறொருவன் படித்துச் சொல்ல வேண்டாம். உங்கள் பிள்ளையே சொல்லட்டும்.