என் ஹெரால்டும் நானும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசுங்க சார்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க காரைப் பற்றியே பேசுங்களேன், பசங்களுக்குக் கார், பைக் என்றால் காது தானா வரும்" என்றார். வாசலில் வேப்ப மரத்தடியில் நிற்கிற இரண்டு கதவு ஹெரால்ட் என்னுடையதுதான். காலையிலிருந்து நாற்பது பேராவது அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என்னையும் கூட நிற்கச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, கார் என்னைவிட அழகு.

எங்கள் காலத்தில், அதாவது 1974 வாக்கில், இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் இறங்கி வகுப்புக்கு வருகிற கூட்டத்தில் நாங்கள் நாலு பேர் மோட்டார் பைத்தியங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சோழவரத்தில் பந்தயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. ஆவடியிலிருந்து செங்குன்றம் பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், அதற்கப்புறம் வெயிலில் நடை. ஓடுதளத்தின் ஓரம் வைக்கோல் கட்டு அடுக்கியிருப்பார்கள். அதற்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பியட்டும் ஹெரால்டும் மூலை திரும்பிக்கொண்டு போகும். பெரிய பெரிய பந்தயக் கார்களும் வரும்தான். ஆனால் என் கண் அந்தச் சின்ன ஹெரால்ட் மேலேயே இருந்தது. தெருவில் போகிற காரே இப்படி ஓடுகிறதே என்ற ஆச்சரியம்.

ஹெரால்ட் நம் மெட்ராஸ் கார் என்பது இங்குள்ள இளையவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனியின் தயாரிப்பு, 1961-இல் வெளிவந்தது. 948 சிசி எஞ்சின். இதை அசல் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இங்கிலாந்தில் 1962-இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார், இந்த ஹெரால்டின் சட்டத்தைக் கொஞ்சம் குட்டையாக்கிச் செய்ததுதான். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அக்காவுக்கு உள்ள குணமும் கோளாறும் தங்கைக்கும் உண்டு. அந்தக் கோளாறைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

படிப்பு முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சேர்ந்து, பதினோரு வருஷம் சீட்டுக் கட்டி, 1987-இல் ஒரு 1965 மாடல் ஹெரால்டைப் பழைய விலைக்கு வாங்கினேன். என் மனைவி அப்போது வீட்டுக்குக் கிரில் கேட் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு முன்னால் கார் வந்துவிட்டது. அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

வாங்கிய அடுத்த வருஷம், ஐப்பசி மழை. திருவள்ளூரிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறேன். முன் சீட்டில் என் தம்பி, பின் சீட்டு காலி. ஒரு வளைவு. சோழவரம் ஞாபகத்தில் கொஞ்சம் வேகமாகவே நுழைந்துவிட்டேன். நடு வளைவில் எதிரே ஒரு சைக்கிள்காரர் தெரிந்ததும் பயத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைப் பட்டென்று எடுத்தேன். பிரேக்கைத் தொடவேயில்லை, காலை எடுத்தேன், அவ்வளவுதான். வண்டியின் பின்பக்கம் ஒரு இஞ்ச் எழும்பின மாதிரி இருந்தது. அடுத்த நொடி கார் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு வயல் வரப்பில் நிற்கிறது. சைக்கிள்காரர் இறங்கி வந்து, "என்ன சார், வீடு அந்தப் பக்கமா?" என்று கேட்டார். தம்பிக்கு நெற்றியில் மூன்று தையல். காரில் சீட் பெல்ட் கிடையாது, அந்தக் காலத்துக் கார்களில் ஏது?

நான் படித்தது இயற்பியல். உராய்வு, ஈர்ப்பு மையம் எல்லாவற்றுக்கும் படம் போட்டுப் பத்துக்கு ஏழு வாங்கினவன். ஆனால் என் காரின் பின் சக்கரம் எப்படி மாட்டியிருக்கிறது என்று அந்த நாள்வரை குனிந்து பார்த்ததில்லை. ஹெரால்டில் பின்பக்கம் இரண்டு அரை ஆக்ஸில். ஒவ்வொன்றும் நடுவில் டிஃபரன்ஷியல் பக்கத்தில் மட்டும் மடங்கும். சக்கரம் அதன் வெளிமுனையில் விறைப்பாக இருக்கும். அதனால் சக்கரம் மேலே கீழே போகும்போதெல்லாம் சாய்கிறது. வளைவில் வேகமாகப் போகும்போது காலை எடுத்தால் எடை முன்னால் போய்விடும், பின்பக்கம் எழும்பும். வெளிச் சக்கரம் காலை உள்ளே மடக்கிக்கொண்ட மாதிரி வண்டிக்கு அடியில் போய்விடும். டயர் தரையில் முழுசாகப் படாது. பின்பக்கம் வழுக்கும். பின் சீட்டில் ஆள் இருந்தாலாவது வண்டி கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும், காலியாக இருந்தால் இன்னும் மோசம்.

இது என் கார் ஒன்றின் சங்கதி இல்லை. அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயமே, இதே மாதிரிப் பின் ஆக்ஸில் வைத்த செவர்லே கார்வேர் காரைப் பற்றியது. நம் ஊரில் ஹெரால்டுக்குப் பிறகு வந்த கெஸலில் இந்த அமைப்பை எடுத்துவிட்டு, விறைப்பான ஒரே ஆக்ஸிலைப் போட்டுவிட்டார்கள்.

அப்படியானால் இதை ஓட்டவே கூடாதா? முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறேன். வளைவுக்கு முன்னால், நேர் ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் கால் லேசாக, ஒரே சீராக ஆக்ஸிலேட்டரில் இருக்க வேண்டும். உள்ளே போனபிறகு "ஐயோ" என்று காலை எடுக்கிற நிலைமையை வரவிடக் கூடாது. பின் சக்கரங்களுக்கு முன் சக்கரத்தைவிடக் கூடுதல் காற்று. முன்னாலும் பின்னாலும் வேறு வேறு ஜாதி டயர் போடக் கூடாது. கையில் காசு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது, இரண்டும் ரேடியல் என்றால் அவை பின்னால்தான் போக வேண்டும். புதுசு முன்னால் இருந்தால் நல்லது என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

இரண்டாவது சம்பவம் 1991. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. குடும்பத்தோடு திருப்பதிக்கு அதே காரில் போய், மலை ஏறி, இறங்கி, இரவு பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். பின் சீட்டில் அம்மாவும் என் இரண்டு பெண்களும். மறுநாள் காலை காரைக் கழுவலாம் என்று கேட்டுக்கு வெளியே ரிவர்ஸ் எடுத்து, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தேன். மனுஷன் நடக்கிற வேகம்கூட இல்லை. 'டக்' என்று ஒரு சத்தம். இடது முன் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் தனியாக மட்டையைப் போல விரிந்து கிடக்கிறது.

முன் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தூண் ஒன்று இருக்கிறது. அதன் அடிமுனையில் மரை வெட்டி, ட்ரன்னியன் என்கிற ஒரு பித்தளைத் துண்டுக்குள் திருகியிருப்பார்கள். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் தூண் சுழல்கிறது. அதற்குள் போக வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில், கிரீஸ் இல்லை. கிரீஸ் கெட்டியானது, மரையின் அடிவரை போகாது, நாளடைவில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் இறங்கும், இரும்பு துருப்பிடிக்கும், ஒருநாள் ஒடியும்.

நானோ மாதம் தவறாமல் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன்! பக்தியோடு அடித்தேன். மெக்கானிக், "கிரீஸ் போதும் சார்" என்றார், அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஏனென்றால் கார் வாங்கும்போதே கம்பெனிக் கையேடும் கூடவே வந்தது. டாஷ்போர்டு அறையில் பெட்ரோல் ரசீதுகளுக்கு அடியில் கிடந்தது. ஆயில் என்று அச்சடித்தே இருந்தது. நான்கு வருஷம் நான் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. முந்தின நாள் மலை வளைவில் ஒடிந்திருக்க வேண்டியது. அன்றைக்கு அம்மா, "ஏழுமலையான் காப்பாற்றினான்" என்றாள். நான் பதில் பேசவில்லை.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நானே செய்கிறேன். ஒரு கிரீஸ் கன்னைக் கழுவிச் சுத்தமாக்கி அதில் 90 ஆயிலையே ஊற்றி வைத்திருக்கிறேன். மேல்பக்கம் ஆயில் கசிந்து வருகிறவரை அடிப்பேன். ஹெரால்டில் இது சுலபம். முன்பக்கம் மொத்தமும், மட்கார்டு சகிதம், முன்னால் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மூடினபிறகு இரண்டு பக்கக் கொக்கியும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று கையால் தட்டிப் பார்ப்பேன். வண்டிக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகவே மாட்டேன். இரும்பு ஸ்டாண்டு அல்லது கெட்டியான மரக்கட்டை. ஹாலோ பிளாக் கல் வைக்கிறார்கள் சிலர், அது சொல்லாமல் நொறுங்கும்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம். என் காரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆயில் லைன். எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் பெடல் தரைக்குப் போய்விடும். மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்தான், ஆகவே அதைச் சும்மா நிறுத்தி வைக்கிற சாமான் என்று நினைக்காமல் சரியாக வைத்திருக்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் ஈரத்துக்குக் கேட்க வேண்டுமா? ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்துப் பெடல் பஞ்சு மாதிரி ஆகும், சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும். நிறம் நன்றாகத்தானே இருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறினால், அந்தப் பக்கம் மெதுவாகப் போய்க்கொண்டே பெடலை லேசாக அழுத்தி டிரம்மைக் காய வைத்துக்கொள்ள வேண்டும். முதல் சிக்னலில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர்க் குழாய்களை அது தின்றுவிடும். ஹெரால்டில் டேங்க் டிக்கியில் இருக்கிறது. நான் எல்லாக் குழாயையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிவிட்டேன், ஒரு தீயணைப்பான் சீட்டுக்கடியில் கிடக்கிறது. முன் சீட்டுகளுக்கு பெல்ட்டும் போட்டாகிவிட்டது. அதைத் தகரத்தில் ஓட்டை போட்டு மாட்டாமல், அடியில் பட்டை கொடுத்துக் கெட்டியாக மாட்டியிருக்கிறேன்.

என்ன சார், கிழவன் கிழட்டுக் காரைப் பற்றியே பேசுகிறாரே என்று தம்பிகள் நினைக்கலாம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகிற 400 அடி சாலை நம் நெமிலிச்சேரி வழியாகத்தானே போகிறது. ஹெரால்ட் பிறந்த ஊரில் ஆரம்பித்து, நம் கல்லூரிப் பக்கமாக வந்து, செங்குன்றம் தாண்டி, கிட்டத்தட்டச் சோழவரத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது! ராத்திரியில் அந்த ரோட்டில் போகிற சத்தம் எனக்கும் கேட்கிறது. உங்கள் கையில் இருக்கிற வண்டிக்கு என் ஹெரால்டைவிடச் சக்தி அதிகமாக இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். செகண்ட் ஹாண்டில் வாங்கின வண்டியில் அதை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்... சரி, மூன்று பேர். அந்த மூன்று பேரோடு நான் வருகிறேன்.

சோழவரத்தில் நாங்கள் வைக்கோல் கட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ஓட்டத்தை மட்டும் பார்த்தோம். ஓட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு காரையும் அதிகாரிகள் சோதித்துப் பார்ப்பார்கள், சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய ஆளானாலும் திருப்பி அனுப்புவார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. 1990-இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது, அங்கேயும் அதே சோதனைதான். வேகம் வேண்டுமென்றால் அங்கே போங்கள், ஹெல்மெட், ஆம்புலன்ஸ், கொடி காட்ட ஆள் எல்லாம் உண்டு. 400 அடி சாலையில் உங்கள் வண்டியைக் குனிந்து பார்க்க ஆள் கிடையாது. ஓனர்தான் அந்த ஆள். என்னுடைய காரில் நான்கு வருஷம் அந்த ஆள் வேலைக்கே வரவில்லை.

கடைசியாக ஒரு சட்ட விஷயம், நண்பர்கள் இரண்டு பேர் காலையில் கேட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலான, அசல் நிலையில் உள்ள வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தனி எண் வரிசை உண்டு. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. நான் அதில் சேரவில்லை. சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டுக்கு இந்தக் காரில்தான் போவேன், அதை விட மனசில்லை.

சாப்பாடு ஆனதும் வேப்ப மரத்தடியில் பானெட்டைத் திறந்து வைக்கிறேன். ஆயில் கன் டிக்கியில் இருக்கிறது, பழைய லுங்கித் துணியும் இருக்கிறது. ட்ரன்னியன் எது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வரலாம். நல்ல பேண்ட் போட்டு வந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கவும்.