விசுவாசத்தை விற்றது யார்?

நடுவர் அவர்களே!

கால்பந்துக் கிளப்புகள் சரிவது நிர்வாகத்தின் தவறாலா, ஆட்டக்காரர்களின் விசுவாசக் குறைவாலா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எதிரணிச் சகோதரி, "காசு எங்கேயோ அங்கேதான் இவன் கால்"னு ஒரே போடு போட்டாங்க. நானும் கை தட்டினேன். (சிரிப்பு) இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட்டை விட்டுப் போன ஆலன் ஸ்மித்தைத் 'துரோகி' என்றும் சொன்னார்கள். அங்கேதான் கையை இறக்கிவிட்டேன்.

அந்த லீட்ஸ் கதையையே பார்ப்போம். 2001-ல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரைக்கும் வந்த அணி. பூரா இளவட்டம். நிர்வாகம் என்ன செய்தது? அந்த வருஷமே 6 கோடி பவுன் கடன் வாங்கியது. பவுன்னா நகைன்னு நெனச்சிடாதீங்கம்மா, இங்கிலாந்துப் பணம். (சிரிப்பு) எதை அடகு வைத்து? இனிமேல் வரப்போகிற ரசிகர்கள் வாங்கப்போகிற டிக்கெட் காசை! நாத்தே நடல, விளையப்போற நெல்லுக்கு இன்னிக்கே கடன். வருஷா வருஷம் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போவோம், பணம் கொட்டும் என்று கணக்கு. 2001-ல் நாலாமிடம், 2002-ல் ஐந்தாமிடம். இரண்டு தடவையும் வாசலோடு நின்றார்கள்.

ஆபீசில் வாடகைக்குத் தங்கமீன் வைத்திருந்தார்கள் என்பது பிற்பாடு வெளியே வந்தது. செலவு என்னவோ சொற்பம்தான். ஆனாலும் மீனுக்கு வாடகை கட்டின வீட்டை நான் கேள்விப்பட்டதில்லை! (கைதட்டல்)

அப்புறம் என்ன, வீட்டுப் பாத்திரமாக விற்றார்கள். 1 கோடி 80 லட்சத்துக்கு வாங்கிய ரியோ ஃபெர்டினாண்ட் 2002-ல் ஏறத்தாழ 3 கோடிக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். லீட்ஸ்காரனுக்குப் பரம வைரி அது! 2003-ல் ராபி ஃபவுலரை விற்றார்கள் பாருங்கள், அதுதான் வேடிக்கை. ஆள் அடுத்த கிளப்பில் ஆடுகிறார். சம்பளத்தில் ஒரு பகுதி லீட்ஸ் கொடுக்கிறது! பொண்ணையும் கட்டிக் கொடுத்துட்டு மாப்பிள்ளை வீட்டு மளிகைக் கடனையும் நாமே அடைக்கிற மாதிரி. (சிரிப்பு) இப்படி வித்துக்கிட்டே இருந்தா, மிச்சமிருக்கிறவன் மனசு எப்படிய்யா நிக்கும்?

2004-ல் முதல் பிரிவிலிருந்து இறங்கினார்கள். மைதானத்தையும் விற்று, சொந்த வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருந்தார்கள். அதை மீட்டது 2017-ல். 2007-ல் மூன்றாம் பிரிவுக்கே போயாச்சு. அங்கேயும் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். முதல் பிரிவுக்குத் திரும்ப 2020 ஆயிற்று. பதினாறு வருஷம்! கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் பிள்ளையா அழுதது? டிக்கெட் வாங்கினவன் பிள்ளை அழுதது.

இப்போ ஆலன் ஸ்மித்துக்கு வருகிறேன். லீட்ஸ் மண்ணிலே பிறந்து வளர்ந்த பையன். மான்செஸ்டருக்கு ஆடவே மாட்டேன் என்று ஒரு காலத்தில் சொன்னவன். 2004-ல் கடைசி உள்ளூர் ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் அவனைத் தோளிலே தூக்கிக்கொண்டு போனார்கள். சில வாரத்தில் அதே மான்செஸ்டருக்கு 70 லட்சத்துக்கு விற்கப்பட்டான். சொன்ன சொல் தவறினான்தான், மறுக்கவில்லை. ஆனால் கிளப்புக்குப் பணம் வேணும், வாங்க வந்தவர்கள் அவர்கள். அந்த விற்பனையில் தனக்கு வரவேண்டிய தொகையைக் கிளப்பின் கடனுக்காக வேண்டாம்னு விட்டுக்கொடுத்துட்டுப் போனான். வயசு 23.

நடுவர் அவர்களே, 'துரோகி' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எதிரணி திரும்பப் பெற வேண்டும். மணி அடிச்சிட்டீங்க... உட்கார்ந்துடறேன். (பலத்த கைதட்டல்)