பித்தப்பையே இல்லை, அப்புறம் கல் எப்படி வந்தது?

இன்னைக்கு எங்க அத்தை கதை. ஆவடியில இருக்காங்க, வயசு 71. பித்தப்பையில கல்லுன்னு எட்டு வருஷம் முன்னாடியே பையை எடுத்தாச்சு. அதனால போன ஐப்பசியில கண்ணு மஞ்சளானப்போ, கல்லா இருக்கும்னு யாருக்கும் தோணலை. "காமாலைதான், கீழாநெல்லி அரைச்சுக் கொடு"ன்னாங்க. திருமுல்லைவாயில் வரைக்கும் பைக்ல போய் அதை வாங்கிட்டு வந்தது நான்தான்.

அஞ்சு நாள் போச்சு. உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்துல, மலம் களிமண் மாதிரி வெளுத்து. ஆறாவது நாள் ராத்திரி வலது மேல்வயித்துல வலி, தூக்கித் தூக்கிப் போடுற குளிர் ஜுரம். அலறியடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஸ்கேன்ல பித்தக் குழாயில கல். மாமா கொதிச்சுட்டார். "அன்னைக்கு ஆபரேஷன் பண்ணவங்க ஒழுங்கா பண்ணலை"ன்னு சண்டைக்கே கிளம்பிட்டார். டாக்டர் அவரை உட்காரவெச்சு, ஒரு பேப்பர்ல படம் வரைஞ்சார்.

இரைப்பைக்கு அடுத்து இருக்கிறது முன்சிறுகுடல், டியோடினம்னு சொல்லுவாங்க. பித்தக் குழாயும் கணையக் குழாயும் பெரும்பாலும் ஒரே சின்ன வாய் வழியா இதுக்குள்ளதான் திறக்குது. அந்த வாய்க்குப் பக்கத்துல குடல் சுவர் கொஞ்சம் பலவீனம். பழைய சைக்கிள் ட்யூப் ஒரு இடத்துல மட்டும் உப்புமே, அந்த மாதிரி வயசாக ஆக அங்க ஒரு பை பிதுங்கலாம். அதுதான் டைவர்டிகுலம். அத்தைக்கு அது இருந்துச்சு.

பையில சாப்பாடு தேங்கும், பாக்டீரியா பெருகும். குழாய் வாயை மூடித் திறக்கிற சுருக்குத் தசையும் சரியா வேலை செய்யாம போகலாம். அப்போ பாக்டீரியா பித்தக் குழாய்க்குள்ள ஏறும். அது சுரக்கிற ஒரு நொதி பித்தத்துல இருக்கிற பிலிருபினைப் பிரிச்சுவிடும். அது கால்சியத்தோட சேர்ந்து படிஞ்சா, பழுப்பு நிறக் கல். அதாவது, பித்தப்பை இல்லாமலேயே குழாய்க்குள்ள புதுசா கல் உருவாக முடியும். மாமா அதுக்கப்புறம் சண்டையைப் பத்திப் பேசலை.

கல்லே இல்லாமலும் இந்தப் பை குழாயை வெளியில இருந்து அழுத்திக் காமாலை வரவைக்கும். 1934-ல லெம்மல் அதை விவரிச்சார், இன்னைக்கும் அது லெம்மல் சிண்ட்ரோம்தான். கணையக் குழாயும் அங்கேயே திறக்கிறதால, சிலருக்குக் கணைய அழற்சியும் வரலாம். இன்னொரு சிக்கல், பையில திரவம் நிறைஞ்சிருந்தா ஸ்கேன்ல கணையக் கட்டி மாதிரியே தெரியும். எங்களுக்கும் முதல்ல "கணையத் தலைப்பகுதியில ஏதோ இருக்கு"ன்னுதான் சொன்னாங்க. எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் வர்ற வரைக்கும் வீட்ல யாரும் சரியா சாப்பிடலை.

அத்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து, இ.ஆர்.சி.பி. செஞ்சாங்க. பக்கவாட்டுல பார்க்கிற கேமரா வெச்ச குழாயை வாய் வழியா இறக்கி, குழாய் வாயைக் கொஞ்சம் கீறிக் கல்லை எடுக்கிறது. பை இருந்தா அந்த வாய் அதோட ஓரத்துலயோ உள்ளேயோ ஒளிஞ்சிருக்கும், கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகலாம். பையை அவங்க தொடவே இல்லை. தொந்தரவு தராத பையை அப்படியே விட்டுடறதுதான் வழக்கம். நிறைய பேருக்கு அது இருக்கிறதே தெரியாது. அதனால ரிப்போர்ட்ல அந்த வார்த்தையைப் பார்த்ததும் பயப்படாதீங்க. "இது எதையாவது அடைக்குதா?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

நான் டாக்டர் இல்லை. ஆனா அந்த அஞ்சு நாள் எனக்கு மறக்காது. எல்லா மஞ்சளும் கல்லீரல் நோய் இல்லை. கண்ணு மஞ்சளா, மலம் வெளுப்பா, அரிப்பும் இருந்தா, பித்தம் போற வழியில அடைப்பு இருக்கலாம். அடைப்பைக் கீழாநெல்லி திறக்காது. கூடவே குளிர் ஜுரமும் வலியும் வந்துட்டா, காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க, அப்பவே கிளம்புங்க.

அத்தை இப்போ நல்லா இருக்காங்க. கல் திரும்ப வரலாம்னு சொல்லியிருக்காங்க, அதனால செக்கப்புக்குப் போயிட்டு இருக்கோம். டாக்டர் வரைஞ்ச அந்தப் பேப்பர் அவங்க ஃபைல்ல முதல் பக்கமா இருக்கு. உங்க வீட்டுப் பெரியவங்களோட பழைய ஆபரேஷன் பேப்பரையும் இன்னைக்கே தேடி, போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.