பொய்க்கணக்கும் மெய்யுரைத்தாரும்

(கீழப்பாவூரில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் முன்னோர் வயலையும் கடையையும் நம்பி வாழ்ந்தனர். இன்றோ நம் மக்களிற் பலர் சென்னை, பெங்களூர், ஐதராபாத் முதலிய நகரங்களிற் பெருங் கம்பெனிகளின் கணக்குப் பகுதியில் அமர்ந்து ஊதியம் பெறுகின்றனர். அவர்களுள் ஒருவன் தன் கம்பெனியின் பேரேட்டிற் பொய்யைக் கண்டால் யாது செய்தல் வேண்டும்? அவன் வாய் திறந்தால் நாம் அவனை எப்பெயரால் அழைப்போம்? இவ்விரு வினாக்களையே யாம் இன்று எடுத்துக்கொண்டோம்.

ஐதராபாத்தில் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்றொரு கம்பெனி இருந்தது. ஏறத்தாழ 50,000 பேர் அதில் ஊழியம் செய்தனர். 2008 டிசம்பரில், அதன் உள்விவகாரங்களை அறிந்த ஒருவர், ஜோசப் ஆபிரகாம் என்னும் புனைபெயரில், டைரக்டர் ஒருவருக்கு மின்னஞ்சல் விடுத்தார். கம்பெனியிடம் உள்ளதாகக் காட்டப்படும் ரொக்கம் மெய்யன்று என்பது அதன் சாரம். சின்னாட்களில், 2009 ஜனவரி 7-ஆம் தேதி, தலைவர் இராமலிங்க ராஜு தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதினார். ஐந்தொகையிற் காட்டிய ரொக்கத்திலும் பாங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை! புலிமேல் ஏறியவன் இறங்கும் வகையறியாது தவித்ததற்குத் தம் நிலையை அவர் ஒப்பிட்டார். 2015 ஏப்ரலில் தனி நீதிமன்றம் அவரையுள்ளிட்ட பதின்மர்க்கு 7 ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டின்பேரில் அடுத்த மாதமே அத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

இப்பொய் எங்ஙனம் வளர்ந்தது? செய்யாத வேலைக்குப் பொய்ப் பட்டியல். வாராத பணத்திற்குப் பொய்ப் பாங்கிச் சீட்டு. ஆடிட்டர்கள் ஆண்டுதோறும் கையொப்பம் இட்டே வந்தனர். வெளியே இருப்பவர் ஐந்தொகையின் முடிவை மாத்திரம் காண்கின்றனர். அது பிறந்த இடத்தைக் காண்பவர் உள்ளே இருப்பவரே. ஆதலின், பெருங் கம்பெனியின் பொய் முதன்முதல் ஓர் ஊழியன் கண்ணிலேயே படுகின்றது.

அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. 2002-ல் வோர்ல்டுகாம் என்னும் தொலைபேசிக் கம்பெனியின் உள்தணிக்கைத் தலைவி சிந்தியா கூப்பர், தம் குழுவினருடன் பேரேடுகளைத் துருவி, அன்றாடச் செலவைச் சொத்தாக எழுதியிருந்தமையைக் கண்டுபிடித்தார். கடைக்கு மாதந்தோறும் கொடுக்கும் வாடகையைக் கடை கட்டிய முதலென்று எழுதி இலாபம் காட்டுவதை இஃதொக்கும். முதலில் வெளிப்பட்ட தொகை மட்டும் 380 கோடி டாலர்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் பழமொழி. எஜமானரைக் காட்டிக்கொடுத்தல் நன்றிகேடு அன்றோ எனச் சிலர் வினவுவர். உப்பிட்டவர் யாவர் என்பதை ஆராய்தல் வேண்டும். கம்பெனியின் முதல், தலைவர் ஒருவர் முதலன்று. ஓய்வுபெற்ற ஆசிரியரும் கைம்பெண்டிரும் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பங்கு வாங்கிய முதலுமாம். ஊழியன் உண்ணும் சோறு அவர்கள் இட்டது. அவர்களை ஏமாற்றும் தலைவர்க்குத் துணைநின்று மௌனம் சாதிப்பதே நன்றிகேடு.

கும்பகருணன் செஞ்சோற்றுக் கடன் கழித்தான் என்று புகழ்கின்றோம். வீடணனையோ குலத்துரோகி என்பாரும் உளர். அவன் செய்தது யாது? முதலில் தமையன் முகத்தெதிரே, அவையறிய அறம் கூறினான். அவன் கேளாது சினந்து துரத்தியபின்னரே நீங்கினான். மெய்யுரைப்போர்க்கு முறையும் அதுவே. வள்ளுவனார் புறங்கூறாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தனர். வாய்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தனர். பிறன் கெடுதல் விரும்பி மறைவிற் சொல்வது கோள். முறை கெட்டவிடத்து, அதனைத் திருத்தவல்லாரிடம் சான்றுடன் சொல்வது முறையீடு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளற்க.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனி ஒவ்வொன்றும் ஊழியர் முறையிடுதற்கு ஒரு வழி அமைக்கவும், முறையிட்டோர்க்குத் தீங்கு நேராமற் காக்கவும் விதித்தது. தக்கவிடத்துத் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரில் அணுகலாம். 2014-ல் இயற்றிய தனிச் சட்டமோ அரசு ஊழியரின் முறைகேட்டைப் பற்றியதே. தனியார் கம்பெனிக் கணக்கனுக்கு அதில் நிழலில்லை. சட்டம் ஏட்டில் இருப்பினும், வேலை போனபின் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! சத்யத்தின் மெய்யைச் சொன்னவர் பெயரை மறைத்தது இவ்வச்சத்தாலன்றி வேறு எதனால் இருத்தல் கூடும்?

ஈண்டு நம் சங்கத்திற்குக் கடமையுண்டு. மெய்யுரைத்து வேலையிழந்த நம் பிள்ளைக்கு, வேறு வேலை வாய்க்கும்வரை மகமை நிதியிலிருந்து குடும்பச் செலவு கொடுத்தல் வேண்டும். ‘கம்பெனியோடு வழக்காடுகிறவன்’ என்று அவனுக்குப் பெண் கொடுக்க மறுத்தல் கூடாது. இவ்விரண்டினும் முற்பட்டது மற்றொன்று: நம் சங்கத்தின் வரவு செலவை ஆண்டுதோறும் மகாசபையில் வாசித்து, உறுப்பினர் எவரும் ரசீதுகளைக் கேட்டுப் பார்க்க இடம் தருதல் வேண்டும். கேட்டவனைக் கலகக்காரன் என்று அடக்குவோமாயின், கம்பெனித் தலைவரைக் குறைகூற நமக்கு வாயேது?

இம்மூன்றையும் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அவைத்தலைவர் அவர்களை யாம் பணிவுடன் வேண்டுகின்றோம்.