ரேம்ப் கொட்டேஷனும் ஃபைபர் கான்கிரீட்டும்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பேஸ்மென்ட் ரேம்ப்பைப் பெயர்த்துப் புதிதாகப் போடப்போகிறோம். வந்திருக்கும் மூன்று கொட்டேஷன்களில் ஒன்றுதான் ரொம்பக் குறைவு. "கம்பி வலை தேவையில்லை, ஃபைபர் கான்கிரீட் போடுகிறோம்" என்று அதில் எழுதியிருக்கிறார்கள். கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் செக்ரட்டரி என்னைப் பேசச் சொன்னார். இன்னொரு காரணமும் உண்டு. போன தடவை ரேம்ப் போட்டபோது கியூப் ரிப்போர்ட்டைப் பார்த்து "எல்லாம் பாஸ்" என்று தலையாட்டியவன் நான்தான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் விரிசல் விட்டதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

கியூப் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டேன். கியூப் டெஸ்டில் கான்கிரீட்டை நசுக்கிப் பார்க்கிறோம். நசுக்கினால் கான்கிரீட் நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். சாக்பீஸை வளைத்தால் இழுபடும் பக்கத்தில் பிளந்து டக்கென்று ஒடிகிறதே, அதே கதை. ஒரு மீட்டர் நீளக் கான்கிரீட்டை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் இழுத்தாலே விரிசல் விழுந்துவிடும்.

ஃபைபர் போட்டால் விரிசலே வராது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. வழக்கமாகப் போடும் அளவுக்கு முதல் விரிசல் விழும் பாரம் பெரிதாக மாறாது. விரிசல் விழுந்த பிறகுதான் ஃபைபருக்கு வேலை. இரண்டு பக்கத்தையும் தையல் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். மண் சுவருக்கு வைக்கோல் மிதித்துச் சேர்த்தார்களே, அந்த யோசனைதான்.

அப்படியானால் விரிசல் விழுந்த பிறகு எவ்வளவு பாரம் தாங்குகிறது என்றுதானே சோதிக்க வேண்டும்? நேராக இழுத்துப் பார்ப்பது சொல்வதற்குச் சுலபம். இரண்டு முனையையும் பசை போட்டு மெஷினில் ஒட்ட வேண்டும். துளி கோணலானாலும் இழுப்பது வளைப்பதாகிவிடும். அதனால் பெரும்பாலும் பீமை வளைத்தே பார்க்கிறார்கள். ஐரோப்பியத் தரமுறை இஎன் 14651 சொல்வது இது: 150 மில்லிமீட்டர் சதுரப் பீம். அதன் நடுவில் அடிப்பக்கம் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரு வெட்டு. 500 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் அமுக்க வேண்டும். வெட்டின் வாயில் ஒரு கருவி மாட்டி, அது எவ்வளவு திறக்கிறது என்று அளக்க வேண்டும்.

மெஷின் பாரத்தைப் பார்த்து ஓடக்கூடாது, விரிசல் திறப்பதைப் பார்த்து ஓட வேண்டும். தொடக்கத்தில் நிமிஷத்துக்கு 0.05 மில்லிமீட்டர்தான். ஒரு தடவை சாதாரண மெஷினில் செய்து பார்த்தோம். பீம் படாரென்று உடைந்து விழுந்தது, ஒரு ரீடிங்கும் மிஞ்சவில்லை. சரியான மெஷினில் ஒரு பீமுக்கு இருபது நிமிஷமாவது ஆகும். முதலில் 'டக்' என்று விரிசல். பாரம் சட்டென்று இறங்கும். நல்ல ஃபைபராக இருந்தால் ஓரிடத்தில் நின்று பிடிக்கும். உடைந்த முகத்தைப் பிரித்தால் கம்பி இழைகள் சீப்புப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், முனையில் இருந்த கொக்கி நிமிர்ந்திருக்கும். இழை அறுந்திருக்கக் கூடாது, மெல்ல உருவி வந்திருக்க வேண்டும். உருவும்போது அது கொடுக்கும் எதிர்ப்புதான் நாம் காசு கொடுத்து வாங்கும் பொருள். சில பீம்களில் இழைகள் முள்ளம்பன்றி மாதிரி ஒரே இடத்தில் உருண்டு கிடக்கும். கலக்கியது சரியில்லை என்று அர்த்தம்.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள். விரிசல் வாய் 0.5 மில்லிமீட்டர் திறந்தபோது மிஞ்சிய பலம், 3.5 மில்லிமீட்டர் திறந்தபோது மிஞ்சிய பலம். கட்டுமானத்துக்கான ஃபைபர் என்று சொல்ல, முதலாவது சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டனும் இரண்டாவது 1 நியூட்டனும் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கணக்கு. இது குறைந்தபட்சம்தான், நம் ரேம்ப்புக்கு எவ்வளவு வேண்டும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும்.

போன தடவை போட்டது சின்னப் பாக்கெட்டில் வந்த, முடி போன்ற பாலிப்ரொப்பிலீன் இழை. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போது வரும் மெல்லிய விரிசல்களை அது குறைக்கும். கார் ஏறும் பாரத்துக்கு அது கம்பிக்கு மாற்றாகாது. கொட்டேஷனில் வெறுமனே 'ஃபைபர்' என்று மட்டும் எழுதியிருந்தால் எது வருமென்று யாருக்குத் தெரியும்?

ஆகவே அந்தக் காண்ட்ராக்டரிடம் எழுத்தில் கேட்போம்: என்ன ஃபைபர், எவ்வளவு நீளம், ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ, அதே கான்கிரீட் கிரேடில் அதே அளவு போட்டுச் செய்த பீம் டெஸ்ட் ரிப்போர்ட் உண்டா? இருந்தால், மண் மேல் படுத்திருக்கும் ரேம்ப் பகுதிக்கு வலையில்லாமல் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ரேம்ப்பின் மேல் முனையில் இருக்கும் ஸ்லாபுக்குக் கீழே கார்கள் நிற்கின்றன. அங்கே கம்பியை எடுக்கும் பேச்சே வேண்டாம்.

மூன்று கொட்டேஷன்களும் அசோசியேஷன் அறையில் இருக்கின்றன. ஞாயிறு காலை 10 மணிக்கு உட்கார்ந்து பார்ப்போம். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள், எழுத்து ரொம்பப் பொடி.