கேட்கிறதா, ஓவர்



வெயில் ஏறும்போது தகரக் கூரை சத்தம் போடும். விரல் நகத்தால் யாரோ சுண்டுவது போல டிக், டிக் என்று. சாயங்காலம் சூடு தணியும்போது அதே கூரை சுருங்கிக்கொண்டு மறுபடியும் சுண்டும். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியான அவுட்பேக்கில் இருக்கும் ஒரு காவல் நிலையத்தைக் காதுக்குக் காட்டுவதற்கு இந்தக் கூரை போதும். அதன்பின் ஈ வராமல் இருக்கப் போட்ட கம்பிவலைக் கதவு ஒருமுறை படாரென்று சாத்திக்கொள்ள வேண்டும். சைரன் தேவையில்லை. சைரன் ஊதினால் வழிவிட அந்தச் சாலையில் வேறு வண்டி ஏது?

அந்தச் செம்மண் வெளியில் வேலை பார்க்கும் காவலர்களைப் பற்றிய வானொலி நாடகத் தொடர் எப்படி இருந்தால் நன்றாக இருக்கும், எங்கே கெட்டுப்போகும் என்பதைத்தான் இன்றைக்குப் பேசலாம் என்றிருக்கிறேன். கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரு ரசிகனின் கருத்து இது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூரத்தைச் சொல்லிவிட வேண்டும். வடக்குப் பிரதேசம் என்கிற நார்தர்ன் டெரிட்டரியின் பரப்பு சுமார் 13.5 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு. அங்கே வாழ்கிறவர்கள் இரண்டரை லட்சம் பேர்தான். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் பேர்ட்ஸ்வில் என்று ஓர் ஊர். அந்த ஊர்க் காவல் நிலையத்தில் ஒரே ஒரு காவலர் இருந்து பார்த்துக்கொண்ட எல்லை, ஏறக்குறைய பிரிட்டன் அளவு என்பார்கள். நான் ஒருமுறை தெற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடிக்கு வண்டி ஓட்டிப் போனேன். சுமார் 540 கிலோமீட்டர். வழியில் எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொன்னார்கள். முதல் ஆளைப் பார்த்து யாரோ தெரிந்தவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். நாலாவது ஆளுக்கு நானும் விரலை உயர்த்திவிட்டேன். மனிதன் அத்தனை அபூர்வம் அங்கே. இன்னொரு குழப்பமும் உண்டு. அந்தப் பக்கம் 'ஸ்டேஷன்' என்றால் போலீஸும் இல்லை, ரயிலும் இல்லை. மாட்டுப் பண்ணை. 'ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன்' என்று ஒருவர் சொன்னால் நம் ஊர்க்காரர் பயந்துவிடுவார்.

இந்த வெறுமையை சினிமா எடுத்தால் அது காட்சியாகிவிடுகிறது. சிவந்த மண், நீல வானம், நமக்கும் டிக்கெட் வாங்கிப் போகத் தோன்றும். வானொலியில் அந்த அழகு கிடையாது. தூரம் அங்கே நேரமாக மாறிவிடுகிறது. காவலர் கூப்பிடுகிறார், பதில் வரவில்லை. எவ்வளவு நேரம் வரவில்லை என்பதுதான் அவருக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆளுக்கும் நடுவில் இருக்கும் பாலை. நம் பழைய திணைக் கணக்கில் பாலைக்குப் பிரிவுதான் உரிப்பொருள் என்று வைத்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியிராது.

தொழில்நுட்பமாகவும் இதற்கு ஒரு பொருத்தம் உண்டு. திறந்த வெளியில் குரல் எதன் மீதும் மோதித் திரும்புவதில்லை, எதிரொலி கிடையாது. வானொலி நாடக ஸ்டூடியோக்களில் வெளிப்புறக் காட்சிக்கென்றே ஓர் ஓரம் வைத்திருப்பார்கள். சுவரெல்லாம் கனத்த திரையும் பஞ்சும் அடைத்து, ஒலி மடிந்துபோகும்படி செய்த இடம். அங்கே நின்று பேசினால் தன் குரல் வாயை விட்டுப் போனதும் செத்துப்போவது போல நடிகருக்கே ஒரு திகைப்பு வரும். பாலைவனக் காட்சிக்கு அந்தத் திகைப்பு இலவசம். அதன் மேல் வயலினையும் டமாரத்தையும் கொட்டி நிரப்பும் இயக்குநரை நான் மன்னிக்க மாட்டேன்.

ஆஸ்திரேலியர்களுக்கு வானொலி நாடகம் புதிதல்ல. க்வென் மெரெடித் எழுதிய 'ப்ளூ ஹில்ஸ்' என்கிற கிராமத்துக் குடும்பத் தொடரை அந்நாட்டின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி வானொலி 1949 முதல் 1976 வரை, 5,795 பகுதிகள் ஒலிபரப்பியது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பண்ணை வீடுகளில் மற்ற பேச்சு நின்றுபோகும். போலீஸ் கதைக்கு மெல்போர்னில் 1950-களில் 'டி-24' வந்தது. க்ராஃபோர்ட் நிறுவனம், விக்டோரியா காவல்துறையின் ஒத்துழைப்போடு, நடந்த வழக்குகளை வைத்து எடுத்த தொடர். டி-24 என்பது காவல்துறைத் தலைமையகத்தின் தகவல் தொடர்பு அறைக்கு இருந்த பெயர். அதே நிறுவனம் 1964-இல் தொலைக்காட்சிக்கு 'ஹோமிசைட்' எடுத்து, அது பல ஆண்டுகள் ஓடியது.

டி-24 வகைத் தொடர்களுக்கு ஒரு பலம், அதிலேயே ஒரு குறை. காவல்துறையே கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதால் நடைமுறை பிசகாது. எந்தக் கேள்வியை யார் கேட்பார், எந்தப் படிவத்தை எப்போது எழுதுவார் என்பதெல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஆனால் கதையும் காவல்துறை சொன்ன கதையாகவே இருக்கும். நகரத்தில் இதைச் சமாளித்துக்கொள்ளலாம், பத்திரிகைக்காரன் இருக்கிறான், அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு காவலர் என்கிற இடத்தில் அவர் எழுதிய அறிக்கையைத் தவிர வேறு எழுத்தே இருக்காது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1934-இல் பில் மெக்கின்னன் என்கிற காவலர், ஒரு கொலை வழக்கில் பிடித்த பழங்குடி ஆட்கள் தப்பிவிட்டதால், ஒட்டகங்களோடு அவர்களைத் தேடிக்கொண்டு உலூரு பாறை வரை போனார். அங்கே ஒரு குகைக்குள் ஒதுங்கியிருந்த யோகுனுன்னா என்பவர் மெக்கின்னன் சுட்டதில் இறந்தார். 1935-இல் விசாரணைக் குழு வந்தது, உடலைத் தோண்டியெடுத்தது. குறிபார்க்காமல்தான் சுட்டேன் என்பது அங்கே மெக்கின்னன் சொன்ன வாக்குமூலம். வேலை போகவில்லை. எண்பது வருஷத்துக்குப் பிறகு வரலாற்றாசிரியர் மார்க் மெக்கென்னா, குடும்பத்தாரிடம் இருந்த பழைய பெட்டிகளைப் புரட்டுகையில் மெக்கின்னன் தன் கைப்பட எழுதிய பயணக் குறிப்பேடு கிடைத்தது. படவேண்டும் என்றே சுட்டதாக அதில் எழுதியிருக்கிறது. 2021-இல் வந்த 'ரிட்டர்ன் டு உலூரு' என்கிற நூலில் மெக்கென்னா இதைச் சொல்கிறார். யோகுனுன்னாவின் மண்டையோடு அடிலெய்டில் உள்ள தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருந்ததும் தெரியவந்தது.

இதை நாடகமாக்கினால் படத்துக்குத்தான் கஷ்டம். படத்தில் துப்பாக்கியைக் காட்டியாக வேண்டும், குறி பார்த்தாரா இல்லையா என்று காமிரா முடிவெடுத்தாக வேண்டும். வானொலியில் ஒரே வெடிச்சத்தம். அதே சத்தத்தை வாக்குமூலத்தின் குரலோடு ஒருமுறை, குறிப்பேட்டின் குரலோடு இன்னொருமுறை கேட்கவைக்கலாம். நடிகர் ஒருவரே. முதல் குரல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த குரல், இரண்டாவது அரிக்கன் விளக்கின் கீழே பென்சிலால் எழுதுகிறவனின் முணுமுணுப்பு. கேட்கிறவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

இன்னொரு குரல் இந்த மாதிரிக் கதைகளில் அநேகமாக இல்லாமலே போகிறது. தடம் பார்ப்பவரின் குரல். அந்தக் காலத்து அவுட்பேக் காவல் நிலையங்கள் பெரும்பாலும் பழங்குடித் தடம் பார்ப்பவர்களை நம்பித்தான் நடந்தன. காலடியைப் பார்த்து ஆள் யார், நொண்டுகிறானா, சுமை தூக்கிக்கொண்டு போகிறானா என்று சொல்வார்கள். ராத்திரி நடமாடும் பூச்சி ஒன்று அந்தக் காலடியின் மேல் ஊர்ந்து கோடு போட்டிருந்தால், ஆள் போனது இன்று விடிவதற்கு முன் என்று கணக்கு. அறிக்கையில் இதெல்லாம் 'தடம் தொடரப்பட்டது' என்று இரண்டே வார்த்தை. தொடர்ந்தது யார் என்றும் இருக்காது.

சினிமாவில் அவர் பேசவே வேண்டியதில்லை. குனிவார், தரையைத் தொடுவார், கையை நீட்டித் திசை காட்டுவார். வானொலி அவரைச் சும்மா விடாது. கண்ணால் பார்த்ததை அவர் வாயால் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் காட்சியே இல்லை. பழைய நாடகங்கள் இங்கேதான் சறுக்கின. தடம் பார்ப்பவருக்கு அரைகுறை ஆங்கிலத்தில் நான்கு வசனம் கொடுத்து, அதையும் வெள்ளைக்கார நடிகர் ஒருவரிடம் பேசச் சொல்லிவிட்டார்கள். இது வானொலியோடு நிற்கவில்லை. ஆர்தர் அப்ஃபீல்டின் நாவல்களில் வரும் கலப்பினத் துப்பறிவாளர் போனியை 1972-இல் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது, நியூசிலாந்து நடிகர் ஒருவருக்கு முகத்தில் சாயம் பூசித்தான் நடிக்கவைத்தார்கள். இன்றைக்கு ஒருவர் இதை எடுப்பதாக இருந்தால் தடம் பார்ப்பவர் தன் மொழியிலேயே பேசட்டும் என்பேன். பிட்ஜன்ஜாராவோ வார்ல்பிரியோ, எதுவானாலும். கேட்கிறவருக்கு வார்த்தை புரியாவிட்டாலும், மண்ணைப் படிக்கத் தெரிந்தவர் பேசுகிறார் என்பது குரலின் நிதானத்திலேயே தெரிந்துவிடும். காவலர் அவசரப்பட்டு 'என்ன, என்ன' என்று கேட்பாரே, அதில் நமக்கு வேண்டிய மொழிபெயர்ப்பு வந்துவிடும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1980-இல் தொடங்கிய காமா என்கிற பழங்குடி ஊடக அமைப்பு வானொலி நடத்தியிருக்கிறது. ஆகையால் அந்த மொழிகளில் பேச ஆள் கிடைக்கவில்லை என்கிற சாக்கெல்லாம் செல்லாது.

எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று காத்திருக்கிறது. மத்திய ஆஸ்திரேலியாவின் பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைக் கொஞ்ச காலத்துக்கு யாரும் உச்சரிக்கக் கூடாது. அதே பெயருள்ள உயிரோடிருப்பவரைக்கூட அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அதற்கென்று ஒரு மாற்றுப்பெயர் உண்டு. வார்ல்பிரி மக்கள் குமன்ஜாயி என்பார்கள். ஏபிசி போன்ற நிறுவனங்கள், இறந்தவர்களின் குரலோ பெயரோ இடம்பெறும் நிகழ்ச்சிக்கு முன்னால் எச்சரிக்கை சொல்கின்றன.

இப்போது நாடக ஆசிரியரின் பாட்டை யோசித்துப் பாருங்கள். வானொலியில் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்கிறவருக்கு யார் யாரென்று குழம்பிவிடும். வானொலி நாடகம் எழுதுகிறவர்களுக்குப் பாலபாடம் அது. கொலை வழக்கு என்றால் செத்தவர் பெயர் வாய்க்கு வாய் வரும். இங்கேயோ அந்த ஒரு பெயரைத்தான் சொல்லக் கூடாது. காவலர் இறந்த பையனின் தாயிடம் போய்ப் பெயரைக் கேட்கிறார், அவள் பேசாமல் இருக்கிறாள். காவலர் ஊருக்குப் புதியவர், அதனால் அவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார். பழகிய காவலராக இருந்தால் பெயரை விட்டுவிட்டு, அந்தப் பையன் கடைசியாக யாரோடு வண்டியில் போனான் என்று கேட்பார். ஒரு முழுப் பகுதியை இதை மட்டுமே வைத்து எழுதலாம். அடிதடி ஒன்றுகூட வேண்டாம்.

அவுட்பேக்கில் வானொலி வெறும் பொழுதுபோக்கும் இல்லை. ஆல்ஃபிரட் ட்ரெகர் 1929-இல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் கம்பியில்லாத் தந்திக் கருவியைக் கொடுத்த பிறகுதான் தனிப் பண்ணை வீடுகளுக்குக் குரல் வந்தது. விமானத்தில் வந்து வைத்தியம் பார்க்கும் 'பறக்கும் மருத்துவரை'க் கூப்பிட அதுதான் வழி. அந்த மருத்துவரின் கதையை பிபிசி 1950-களின் கடைசியில் வானொலித் தொடராக்கியது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அதே கருவியில்தான் நடந்தது, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951 முதல். இதில் ஒரு விசேஷம். ஒரே அலைவரிசை, எல்லோருக்கும் பொது. ஒருவர் பேசினால் சுற்றுவட்டாரம் முழுக்கக் கேட்கும். பெண்கள் கூடிப் பேசும் நேரத்துக்கு, அங்கே கூட்டமாய்க் கத்தும் காலா கிளியின் பெயரைச் சொல்லி 'காலா செஷன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

காவலர் பாட்டைச் சொல்லுங்கள் பார்க்கலாம். அவர் ஒருவனைத் தேடிப் புறப்படுகிறேன் என்று மேலதிகாரியிடம் சொன்னால், தேடப்படுகிறவன் ஒதுங்கியிருக்கும் பண்ணையின் சமையலறையிலும் அது கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆகவே அவர் பூடகமாகத்தான் பேசுவார். கேட்கிறவர்கள் பூடகத்தை உடைக்கப் பார்ப்பார்கள். நாம் கேட்கும் நாடகத்துக்குள் நம்மைப் போலவே முப்பது வீட்டார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தச் சௌகரியம் வேறு எந்தப் போலீஸ் கதைக்கும் கிடையாது. இதைப் பயன்படுத்தாத தொடரை நான் அரைக்கிணறு தாண்டியதாகத்தான் சொல்வேன்.

என் மனதில் ஒரு பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது, சொல்லிவிட்டு விடைபெறுகிறேன். காலை ஏழு மணி. தினப்படி அழைப்பு. ஒரு பெண் குரல் பண்ணைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறது. ஒவ்வொன்றும் இருக்கிறேன் என்கிறது. ஒருவருக்கு ஜலதோஷம், ஒருவர் வீட்டில் குழந்தை அழுகிறது, ஒருவர் நேற்று கொஞ்சம் மழை என்று பெருமைப்படுகிறார். ஏழாவது பெயருக்குப் பதில் இல்லை. இன்னொருமுறை கூப்பிடுகிறாள். கூரை சுண்டுகிறது. அடுத்த பெயருக்குப் போகிறாள். நிலையத்தில் காவலர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம். கம்பிவலைக் கதவு. பிறகு கொல்லையில் ஒரு தகரக் கேனில் தண்ணீர் நிரம்புகிறது, அடியில் கணீரென்று ஆரம்பித்து, மேலே வரவர மந்தமாகி, நிற்கிறது. இரண்டாவது கேன். மூன்றாவது. 'ஏன் இத்தனை?' என்று மனைவி கேட்கிறாள். அவர் நாலாவது கேனைக் குழாயடியில் வைக்கிறார்.